வட்டக்குளத்துத் தண்டவாளம்

வட்டக்குளம் என்பது ஒரு மக்காச்சோளக் காடு. நாத்ஃபாலு கிராமத்தில் யாருக்கும் அது வேடிக்கையாகத் தோன்றியதில்லை. "வட்டக்குளத்துல உழவு ஓட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு டிராக்டரில் ஏறிப் போவார்கள். அங்கே உண்மையில் குளம் இருந்ததைப் பார்த்தவர்கள் எல்லோரும் தேவாலயத்துக்குப் பின்னால் மண்ணுக்கடியில் படுத்துவிட்டார்கள். மிச்சமிருந்தது பெயர் மட்டும்தான். அப்புறம், அந்த இடத்தை மறக்காத தண்ணீர்.

மழை அதிகமான வருஷங்களில் அது பழைய வீட்டைத் தேடி வருவதுபோல வந்து நிற்கும். வந்ததை வெளியே தள்ளுவது அம்ப்ருஷின் வேலை. கூட்டுப்பண்ணை இருந்த காலத்திலும், அது கலைந்து நிலம் துண்டு துண்டாகப் பங்கு பிரிந்த பிறகும், பம்பு வீட்டின் சாவி அவருடைய சட்டைப் பையில்தான் கிடந்தது. கூட்டுப்பண்ணை போயிற்று. நீர்ச்சங்கமும் போயிற்று. சாவியைத் திருப்பிக் கேட்பதற்கு ஆள் இல்லை. அதனால் அவரும் கொடுக்கவில்லை.

இப்போது சில வருஷங்களாகத் தள்ளுவதற்குத் தண்ணீரும் இல்லை. வட்டக்குளத்தின் மண் முழங்கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. சோளம் இடுப்புயரத்திலேயே காய்ந்து நின்றது. அம்ப்ருஷ் மட்டும் தினமும் காலையில் சைக்கிளை மிதித்துக்கொண்டு பம்பு வீட்டுக்குப் போவார். டீசல் பம்பின் தண்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவார். மசகு தடவுவார். படியில் உட்கார்ந்து ரொட்டியும் உப்பிட்ட பன்றிக்கொழுப்பும் தின்பார். திரும்பி வருவார்.  ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பண்பாட்டு மன்றத்தில் கூட்டம் போட்டார்கள். வட்டக்குளத்தில் நிலம் வைத்திருந்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள். நீர்வளத் துறையிலிருந்து எனிக்கோ என்ற பெண் பொறியாளர் வந்து சுவரில் ஒரு வரைபடத்தை மாட்டினாள். அதில் வட்டக்குளம் நீலமாக இருந்தது.

"குளிர்காலம் முடியறப்போ திஸா ஆத்துல தண்ணி ஏறும்" என்றாள். "அப்போ பெரிய வாய்க்கால் மதகைத் திறந்து, தண்ணிய இந்தப் பக்கம் திருப்பி விடறோம். மழைத் தண்ணியையும் வெளிய விடாம நிறுத்தறோம். நான் ஒரு அளவுகோல் நடுவேன், அதுல சிவப்புக் கோடு இருக்கும். ஜூன் கடைசில வர்ற யோவான் திருநாள் வரைக்கும் தண்ணி அந்தக் கோட்டுக்குக் கீழ எறங்கக் கூடாது. அப்பப்போ நான் வந்து பாப்பேன். நின்னுச்சுன்னா இந்த நிலம் ஈரநிலம்னு பதிவாகும். வருஷா வருஷம் உதவித்தொகையும் வரும், தண்ணியும் வரும்."

"எறங்கிட்டா?"

"திட்டம் வேற ஊருக்குப் போயிடும். வரிசைல நிறைய ஊர் நிக்குது."

முன் வரிசையில் உட்கார்ந்திருந்த வின்ட்ஸெ தொப்பியை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டார். அவரும் அம்ப்ருஷும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பிரம்பால் அடி வாங்கியவர்கள்.

"ஏம்மா, முந்தி ஒருத்தன் வந்தான். நிலத்துல தண்ணி நிக்குதுன்னு போட்டோ புடிச்சுட்டுப் போயி, அந்த அளவுக்கு உதவித்தொகைய வெட்டிட்டான். இப்போ தண்ணி நிக்கலேன்னா வெட்டுவீங்களா?"

"அது வேற ஆபீஸுங்க."

"மழை ஒண்ணுதானேம்மா?"

மன்றம் சிரித்தது. எனிக்கோவும் சிரித்தாள். ஆனால் வரைபடத்தைக் கழற்றவில்லை.

தண்ணீருக்கு வரப்பு தெரியாது. ஒருவர் மறுத்தாலும் மற்றவர்கள் சம்மதம் செல்லாது. அதனால்தான் அம்ப்ருஷின் தம்பி மகள் பிரோஷ்கா கோடை முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தாள். வட்டக்குளத்தின் விளிம்பில் அவளுக்குத் தோட்டம்: பிளம் மரங்கள், தர்பூசணி, ஒரு கிணறு. கிணற்றில் வாளியை இறக்கினால் சேறு வந்தது. கூட்டத்துக்குப் பத்து நாள் முன்பு அவள் அம்ப்ருஷின் சமையலறையில் நின்றுகொண்டு சொன்னாள்:

"பெரியப்பா, வர்ற கோடைலயும் கெணறு இப்படியே இருந்தா நான் ஆஸ்திரியா போயிடுவேன். ஆப்பிள் கொட்டகைல வேலை சொல்லியிருக்காங்க. தோட்டத்தை யாராவது எடுத்துக்கட்டும்."

"போ" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பாட்டைத் தொடர்ந்தார். மனைவி மார்கித் செத்த பிறகு அந்த வீட்டுக் கதவை வெளியிலிருந்து திறந்தவள் பிரோஷ்கா ஒருத்திதான். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத் தானேகூட.

மன்றத்தில் கடைசியாக எழுந்தவர் சலாய். வட்டக்குளத்தின் கீழ்க்கரைக்கு அப்பால் இருந்த கோதுமை நிலம் முழுக்க அவருடைய குத்தகை.

"என் கோதுமை கரைக்குக் கீழ இருக்கு. கரை ஒடஞ்சா நான் யார் கழுத்தப் புடிக்கறது? தெனமும் கரையப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். பேரைச் சொல்லுங்க, கையெழுத்துப் போடறேன்."

 அம்ப்ருஷின் துண்டு நிலம்தான் இருப்பதிலேயே பள்ளம். அவரும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. எல்லோரும் மெல்ல அவர் பக்கம் திரும்பினார்கள்.

"நான் பாத்துக்கறேன்" என்றார்.

"நீயா?" வின்ட்ஸெ நாற்காலியோடு திரும்பினார். "டேய், முப்பது வருஷமா தண்ணிய ஊரைவிட்டுத் தொரத்தினவன் நீ."

"அதான். அது எந்த வழியா ஓடும்னு எனக்குத்தான் தெரியும்."

பிப்ரவரியில் பெரிய வாய்க்கால் பின்னோக்கி ஓடியது. ஊரே போய்க் கரையில் நின்று பார்த்தது. தண்ணீர் முதலில் வெடிப்புகளுக்குள் இறங்கிக் காணாமல் போனது. ஒரு நாள் முழுக்க மண் குடித்துக்கொண்டே இருந்தது. பிறகு பள்ளங்கள் மினுங்கின. பிறகு அவை ஒன்றோடொன்று சேர்ந்தன. சோளத்தட்டைகளின் நுனி மட்டும் வெளியே நின்றது. எங்கிருந்தோ காட்டு வாத்துகள் வந்து இறங்கின.

வின்ட்ஸெ காறித் துப்பினார். "அந்தத் தொரத்து தொரத்தினோம். வெக்கமே இல்லாம வந்து நிக்குது பாரு."

 அம்ப்ருஷ் தண்ணீரைப் பார்க்கவில்லை. தண்ணீருக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பல வருஷங்களுக்கு முன்பு பெருந்தண்ணி வந்த வசந்தத்தில் இதே கரையில் கூட்டுப்பண்ணையின் அத்தனை ஆட்களும் நின்றார்கள். பம்பு வீட்டு வாசலில், உத்தரத்திலிருந்து கம்பியில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதன் பக்கத்தில் ஆணியில் ஒரு சுத்தியல். படிக்கட்டின் கீழ்ப்படியில் ஒரு சுண்ணாம்புக் கோடு. தண்ணீர் அந்த வெள்ளைக் கோட்டை மூடினால், பார்த்தவன் தண்டவாளத்தை அடிக்க வேண்டும். சத்தம் கேட்டவன் மண்வெட்டியோடு வர வேண்டும். யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது. வந்தவர்கள் நேராகக் கீழ்க்கரையில் மடைவாய்க்குப் போய், கரை மெலிந்திருக்கும் அந்த இடத்தை வெட்டித் தண்ணீரை வடிகாலுக்குள் விடுவார்கள். பம்பும் கிளம்பும். அவ்வளவுதான் சட்டம். கேள்வியெல்லாம் தண்ணீர் இறங்கிய பிறகு.

அந்த வசந்தத்தில் பம்பு நிற்காமல் ஓடியது. அதன் சத்தம் ஊர்வரை கேட்கும். குழந்தைகள் அந்தச் சத்தத்தில் தூங்கப் பழகி, டீசல் ஊற்றுவதற்காக நிறுத்தினால் விழித்துக்கொண்டு அழும். மார்கித் துணி துவைக்கும் மரத்தொட்டியைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதில் சூப்புப் பாத்திரத்தை வைத்து, இடுப்பளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டு வந்தாள். அப்போது அவள் அவருக்கு மனைவியில்லை, கூட்டுப்பண்ணைச் சமையல்காரி. "அம்ப்ருஷு, கவுத்தேன்னா பட்டினி" என்று கத்திக்கொண்டே வந்தாள். சிவப்பு மிளகாய்ப்பொடி மிதக்கும் மீன் சூப். எது யாருடையது என்று தெரியாமல் மண்வெட்டிகள் கலந்து கிடந்தன. பண்ணைத் தலைவர் வந்து திட்டினார். அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள்.

நல்ல காலம் என்று சொல்ல முடியாது. பாதி விளைச்சல் அழுகிப் போயிற்று. தலைவர் பொய்க்கணக்கு எழுதினார், எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடித்தால் ஆள் வந்தது. இன்றைக்கு எதை அடித்தால் யார் வருவார்கள்?

உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முந்தைய வாரம், எல்லா வருஷமும் போல, வீட்டுச் சுவருக்குக் கரைத்த சுண்ணாம்பில் மிச்சத்தை எடுத்துக்கொண்டு போய், படியில் இருந்த வெள்ளைக் கோட்டைப் புதுப்பித்தார். எனிக்கோ நட்டிருந்த அளவுகோல் கொஞ்சம் தள்ளித் தண்ணீரில் நின்றது. அதன் சிவப்புக் கோடு தண்ணீருக்கடியில், வெள்ளைக் கோட்டைவிட ஒரு கையகலம் தாழ்வாக இருந்தது.

"இது எதுக்கு ஐயா?" என்று கேட்டாள் அளவு பார்க்க வந்திருந்த எனிக்கோ, வெள்ளைக் கோட்டைக் காட்டி.

"சும்மா. பழக்கம்."

"அது முழுகினாலும் கரைக்கு ஒண்ணும் ஆகாது. இதுக்கும் மேல முழங்கால் உயரம் தாங்கும். நீங்க என்னோட கோட்டை மட்டும் பாருங்க."

"சரிம்மா."

ஏப்ரலில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. வெள்ளிக்கிழமை காலை மழை ஓய்ந்தபோது அம்ப்ருஷ் பம்பு வீட்டுக்குள் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து காப்பியை ஊற்றிக்கொண்டிருந்தார். தவளைகள் கத்தின. சோளக்காட்டில் தவளை கத்திக் கேட்டு எத்தனை வருஷம்! கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தார். கீழ்ப்படியைப் பார்த்தார்.

வெள்ளைக் கோடு இல்லை.

கிண்ணம் கீழே விழுந்ததும், சுத்தியல் கையில் இருந்ததும், முதல் அடி விழுந்ததும் ஒன்றாகவே நடந்தன. தண்டவாளம் அதே பழைய குரலில் கத்தியது. ஒரு அடி, இன்னொரு அடி, இன்னொன்று. தோள் வலித்தது. வலி நன்றாக இருந்தது. தண்ணீரின் மேல் சத்தம் போய், தேவாலயக் கோபுரத்தில் மோதி, திரும்பி வந்தது. எதற்காக அடிக்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை. அடிப்பதற்கு எதற்கு நினைப்பு?

வந்தார்கள்.

அதுதான் அவர் பிறகு பலமுறை எண்ணிப் பார்த்தது. வந்தார்கள்! வின்ட்ஸெ ஆபரேஷன் செய்து மாற்றிவைத்த இடுப்பெலும்போடு நொண்டி நொண்டி முதலில் வந்தார், தோளில் மண்வெட்டி. பின்னால் ரொட்டிக்கடைக்காரர் மாவு படிந்த கையோடு. அஞ்சலகத்தைப் பூட்டிவிட்டு அஞ்சலகக்காரி. பல் இல்லாத கிழவர்கள். அப்பன் சொல்லி மட்டுமே அந்தச் சத்தத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்த இளசுகளும் காரை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கக் கூடாது அல்லவா? நேராக மடைவாய்க்குப் போனார்கள்.

"இங்க இல்லடா, இன்னும் எடது பக்கம்!"

"எனக்குச் சொல்லிக் குடுக்கறியா? உங்கப்பனுக்கே நான்தான் எடம் காட்டினேன்!"

"பேசாம வெட்டுய்யா, வாயால வெட்டாத!"

அம்ப்ருஷும் இறங்கி வெட்டினார். ஈர மண் சதைபோலப் பெயர்ந்தது. தண்ணீர் முதலில் கயிறுபோல வந்தது, பிறகு பலகைபோல. கரையின் இரண்டு பக்கமும் இடிந்து விழ, வழி தானே அகன்றது. கிழவர்கள் உற்சாகமாகக் கூவினார்கள். யாரோ பிளம் சாராயப் புட்டியைத் திறந்துவிட்டார்கள்.

கீழே வடிகால் இருக்க வேண்டிய இடத்தில் வடிகால் இல்லை. சலாய் அதை எப்போதோ உழுது கோதுமை விதைத்திருந்தார். தண்ணீர் ஒரு கணம் தயங்கியது. பிறகு பச்சைக் கோதுமைக்குள் படர்ந்துகொண்டே பெரிய வாய்க்காலைத் தேடிப் போனது.

பிரோஷ்கா பிளம் மரத்திலிருந்து இறங்கி வந்ததால் தாமதமாகிவிட்டது. கையில் கவாத்துக் கத்தரி. தலைமுடியில் மொட்டுகள்.

"எங்க தீ? யார் வீட்டுல தீ?" என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தவள் மடைவாயைப் பார்த்து நின்றாள். "என்ன பண்றீங்க?"

"வெட்டறோம்" என்றார் வின்ட்ஸெ மூச்சு வாங்கிக்கொண்டு.

"யாரு வெட்டச் சொன்னது?"

"தண்டவாளம் அடிச்சுதே."

"அடிச்சா?"

"அடிச்சா வெட்டணும்."

"இது நாம கேட்டு வாங்கின தண்ணி!" அவள் கத்தரியை மடைவாய்ப் பக்கம் நீட்டினாள். "ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறி நான் கேட்டு வாங்கின தண்ணி! நீங்க எல்லாரும்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

மண்வெட்டிகள் நின்றன. ரொட்டிக்கடைக்காரர் சாராயப் புட்டியை மெல்ல மூடினார்.  எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, கடைசியில் அம்ப்ருஷைப் பார்த்தார்கள். அவர் கையில் மண்வெட்டி இருந்தது. சுத்தியல் இடுப்பு வாரில் செருகியிருந்தது.

பிரோஷ்கா அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஆஸ்திரியா இருந்தது.

"மூடணும்" என்றார் அம்ப்ருஷ். வேறென்ன சொல்ல?

வெட்டுவதற்கு அவர்களுக்குத் தெரியும். மூடுவதற்குத் தெரியாது. வாழ்நாளில் அந்த மடைவாயைத் தண்ணீர் ஓடும்போது யாரும் மூடியதில்லை. அது வற்றிய பிறகு சாவகாசமாக மூடுவதுதான் வழக்கம். போட்ட மண் போட்டபடி அடித்துக்கொண்டு போயிற்று. உர மூட்டைகளில் மண்ணை அடைத்துப் போட்டார்கள், அதுவும் போயிற்று. அம்ப்ருஷ் பம்பு வீட்டுக்கு ஓடி, இரும்புக் கதவைக் கீலிலிருந்து தூக்கினார். நான்கு பேர் சுமந்து வந்து வெட்டுக்குள் குறுக்கே இறக்கினார்கள். இளசுகள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி முதுகைக் கொடுத்து அதைத் தாங்கினார்கள்.

சலாய் டிராக்டரில் வந்தார். வரும்போதே திட்டிக்கொண்டு வந்தார். மன்றத்தில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருடைய தாயையும் தனித்தனியாகக் குறிப்பிட்டார். ஆனால் பின்னால் இழுவண்டியில் வைக்கோல் உருளைகள் இருந்தன. ஊர்மேல் அன்பால் இல்லை. அவருடைய கோதுமை முழுகிக்கொண்டிருந்தது. உருளைகளைக் கதவுக்கு முன்னால் தள்ளினார்கள். வைக்கோல் ஊறி ஊதியது. அதன்மேல் மண். நண்பகல் கடந்தபோது கசிவு மட்டும் மிச்சம்.

"காவலுக்கு ஆள் வேணும்னு கேட்டேன் பாரு" என்றார் சலாய், அம்ப்ருஷின் முகத்துக்கு நேராக. "என்னைச் செருப்பால அடிக்கணும்."

சேற்றோடு சேறாக அளவுகோலிடம் போய்ப் பார்த்தார்கள். சிவப்புக் கோடு காய்ந்த இடத்தில் நின்றது. தண்ணீர் அதற்கு நாலு விரல் கீழே.

திங்கட்கிழமை எனிக்கோ வந்து பார்க்கிற நாள். பிரோஷ்கா ஒளிக்கவில்லை, போன் போட்டுச் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை காலை, லீவு நாளென்றும் பார்க்காமல் எனிக்கோ ரப்பர் பூட்ஸோடு வந்தாள். கதவில்லாத பம்பு வீட்டையும், கரையில் புதைந்திருந்த கதவையும் பார்த்தாள். யார் செய்தது என்று கேட்கவில்லை. ஊரில் அன்றைக்கு அத்தனை பேர் கையிலும் கொப்புளம் இருந்தது.

"திங்கட்கிழமை இருக்கறதைத்தான் எழுதுவேன்" என்றாள். "கூட எழுத மாட்டேன்."

"தண்ணி எங்கயும் போகல" என்றார் அம்ப்ருஷ். "பெரிய வாய்க்கால்லதான் கெடக்கு. மதகு மூடியிருக்கு. பம்பைத் திருப்பி வெச்சா இங்க ஏத்திடலாம்."

"வாய்க்கால்லேர்ந்து எறைக்க அனுமதி வேணும் ஐயா."

"நேத்து விட்டது எங்க தண்ணி."

"வாய்க்கால்ல விழுந்தா அரசாங்கத் தண்ணி."

"அனுமதிக்கு எத்தன நாளாகும்?"

"இலையுதிர் காலம் வந்துடும்."

"அனுமதி இல்லாம எறைச்சா?"

எனிக்கோ பூட்ஸிலிருந்த சேற்றைப் புல்லில் தேய்த்தாள். "அபராதம். அந்த உத்தரவு வர அதுக்கும் மேல ஆகும்."

வின்ட்ஸெ முதலில் சிரித்தார். எனிக்கோ சிரிக்கவில்லை. "நான் விளையாட்டுக்குச் சொல்லல. நானே எழுதி அனுப்புவேன்" என்றாள். சொன்னபடி பிறகு எழுதி அனுப்பவும் செய்தாள்.

பம்பு வைத்த நாளிலிருந்து அதன் முகம் வாய்க்கால் பக்கம்தான். அடித்தளத்துத் திருகாணிகள் துருவேறி ஒட்டிப்போயிருந்தன. அம்ப்ருஷ் அவற்றை ஒவ்வொன்றாக அறுத்தார். சலாயின் டிராக்டரே வந்து இழுத்தது. தண்ணீர் மேலே ஏறாவிட்டால் அது தன் கோதுமையிலேயே கிடக்கும் என்று அவருக்கு யாரோ விளக்கியிருந்தார்கள். உறிஞ்சுகுழாய் வாய்க்காலில் இறங்கியது. மற்றக் குழாயைக் கரைமேல் தூக்கி வட்டக்குளத்துக்குள் போட்டார்கள்.

"அடப்பாவி" என்றார் வின்ட்ஸெ. "இதுக்கும் மூளை கொழம்பிடும். பொறந்ததுலேர்ந்து ஒரு பக்கமா வாந்தி எடுத்துச்சு, இப்போ மறுபக்கம் எடுக்கச் சொல்றோம்."

அம்ப்ருஷ் கைப்பிடியைச் சுற்றினார். மூன்றாவது முயற்சியில் கறுப்புப் புகை கக்கிக்கொண்டு அது கிளம்பியது. குழாய் விறைத்தது, இருமியது, பழுப்புத் தண்ணீரை வட்டக்குளத்தில் கொட்டியது.

அந்தச் சத்தம் ஊர்வரை போனது. இந்த முறை யாரும் தண்டவாளத்தை அடிக்கவில்லை. இருந்தாலும் வந்தார்கள். ஒருவர் டீசல் கொண்டுவந்தார், ஒருவர் நாற்காலி. அஞ்சலகக்காரி பெரிய கொப்பரையைக் காரில் ஏற்றி வந்தாள். திஸாவில் பிடித்த கெண்டையும் கெளுத்தியும், வெங்காயம், கை நிறைய சிவப்பு மிளகாய்ப்பொடி. ஞாயிறு பூசைக்குக் கூட்டம் குறைந்துவிட்டதென்று பாதிரியாரே தேடிக்கொண்டு வந்து, ஒரு கிண்ணம் வாங்கிக்கொண்டு, பம்புச் சத்தத்தில் என்னவோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை.

அம்ப்ருஷ் கிண்ணத்தோடு படியில் உட்கார்ந்திருந்தார். சூப்பு காரம் குறைவு. மார்கித் இன்னும் போடுவாள். அதே புகை, அதே அதிர்வு, பக்கத்தில் அதே வின்ட்ஸெ. தண்ணீர் மட்டும் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பெருந்தண்ணியில் மிதந்து வந்த மரத்தொட்டி கண்ணில் பட்டுவிடும்போல இருந்தது. படவில்லை. படாது என்று அவருக்குத் தெரியும். அவர் சூப்பைக் குடித்து முடித்தார்.

திங்கட்கிழமை காலை தண்ணீர் சிவப்புக் கோட்டை நனைத்துக்கொண்டு நின்றது. மேலே இல்லை, கீழேயும் இல்லை. எனிக்கோ குனிந்து, நிமிர்ந்து, மறுபடி குனிந்து பார்த்தாள். எழுதினாள். காற்று அடித்து அலை எழும்பி இறங்கும்வரை காத்திருந்து எழுதினாளா, எழும்பும்போது எழுதினாளா என்று வின்ட்ஸெ இன்றைக்கும் வாதாடுவார்.

அவள் போன பிறகு பிரோஷ்கா பம்பு வீட்டு வாசலுக்கு வந்தாள். கையை நீட்டினாள்.

"சுத்தியலைக் குடு பெரியப்பா."

அவர் இடுப்பு வாரிலிருந்து உருவிக் கொடுத்தார். அவள் அதைத் திருப்பிப் பார்த்தாள். பிடி அவர் கைக்குத் தேய்ந்திருந்தது.

"ஆஸ்திரியாவுக்கு எடுத்துட்டுப் போறியா?"

"அங்க எனக்கு எதுக்கு சுத்தியல்? என் சமையல்கட்டுல மாட்டி வெப்பேன். வேணும்னா வந்து கேளு."

"கேட்டா குடுப்பியா?"

"மாட்டேன். சோறு போடறேன்."

மே மாதம் நல்ல மழை. பிரோஷ்காவின் கிணற்றைப் பற்றி அவளும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆனால் கிணற்று ராட்டினத்தில் புதுக் கயிறு தொங்குவதைச் சைக்கிளில் போகும்போது பார்த்தார். ஊரைவிட்டுப் போகிறவள் கயிறு வாங்க மாட்டாள். சலாயின் கோதுமையில் ஒரு பட்டை மஞ்சளாகவே கிடந்தது. அதை அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

யோவான் திருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு காலை, மழை விட்டதும் அம்ப்ருஷ் வாசலுக்கு வந்தார். கதவு இன்னும் கரைக்குள்தான் இருந்தது. அதை எடுக்க முடியாது. தவளைகள் கத்தின. கீழ்ப்படியில் வெள்ளைக் கோடு இல்லை.

கை தானே போய் ஆணியைத் தடவியது. ஆணி வெறுமையாக இருந்தது.

அவர் கொஞ்ச நேரம் ஆணியைப் பிடித்தபடியே நின்றார். பிறகு படியில் உட்கார்ந்து, பூட்ஸைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தார்.